பழைய புடவையில் போர்வை: முழங்காலும் கட்டைவிரலும் ஒத்துழைக்கும் அளவுக்கு

பருத்திப் புடவைத் துண்டுகளைச் சேர்த்து மேல்துணி, நடுவில் ஒரு அடுக்கு, கீழே அடித்துணி என்று மூன்றையும் ஒன்றாக ஓட்டித் தைப்பதுதான் குவில்ட். பேரப்பிள்ளைக்கும் படுக்கையில் இருக்கும் மாமியாருக்கும் தைத்துக் கொடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதி துணியைப் பற்றி, பாதி முழங்காலைப் பற்றி!

அம்மாவின் புடவைகள் எட்டு இருக்கின்றன. அண்ணன், அக்கா, எனக்கு என்று மூன்று போர்வை வேண்டும். எத்தனை புடவையை வெட்டணும்? வெட்டவே மனசு வரவில்லை. (கோவை)

மேல்துணிக்கு இரண்டு போதும். மீதி ஆறையும் மடித்து வையுங்கள்.

கணக்கு இதுதான். மடியில் போர்த்த 42க்கு 54 இன்ச் நல்ல அளவு. தைத்து முடிந்த பின் 6 இன்ச் வரும் சதுரமாக, குறுக்கே 7, நெடுக்கே 9, மொத்தம் 63 சதுரம். புதுத்துணிக்குத் தையலுக்குக் கால் இன்ச் விட்டால் போதும். பழைய கைத்தறிப் புடவை பிரியும், அதற்கு அரை இன்ச் விடுங்கள். ஆக 7 இன்ச் சதுரமாக வெட்ட வேண்டும். ஐந்தரை மீட்டர் புடவை 216 இன்ச். இரு கரையையும் எடுத்துவிட்டால் அகலத்தில் சுமார் 40 இன்ச் மிஞ்சும். அகலத்தில் 5, நீளத்தில் 30 என்று 150 சதுரம். நைந்த பகுதி மூன்றில் ஒன்று என்று கழித்தாலும் 100 தேறும். ஒரு போர்வைக்கு ஒரு புடவையில் 32, மற்றதில் 31 என்று மாற்றி மாற்றி வைத்தால் மூன்று போர்வைக்கும் இரண்டு புடவையில் முடிந்துவிடும்.

உட்காரும் இடமும் குதிகால் உரசும் கீழ்க்கரையும்தான் முதலில் நையும். புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சல்லடை போலத் தெரியும் இடம் வேண்டாம். மற்ற இடங்களைப் பாவுப் பக்கமும் ஊடைப் பக்கமும் இரண்டு கட்டைவிரலால் இழுத்துப் பாருங்கள். 'சர்' என்று சத்தம் கேட்டால் அதுவும் வேண்டாம். மனசு கேட்காமல் ஒரு நைந்த துண்டைச் சேர்த்தால், மூன்றாவது துவைப்பில் அந்த ஒரு சதுரம் மட்டும் வாயைப் பிளக்கும்.

வெட்டும் முன் கஞ்சி போட்டு, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். வழுக்கும் துணி காகிதம் போல நிற்கும். ஆனால் போர்வை முடிந்ததும் கஞ்சி போக அலசிவிட வேண்டும். கஞ்சித் துணியைப் பீரோவில் வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து.

சுங்குடியில் சாயம் போகிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா? (மதுரை)

நிற்காது. உப்பு, வினிகர், படிகாரம் எதுவும் தைக்கிறவர் வீட்டு வாளியில் வேலை செய்யாது. உப்புக்கு வேலை சாயம் ஏற்றும்போதுதான், ஏறிய பிறகு அல்ல. ஒட்டாமல் தங்கியிருக்கும் உபரிச் சாயம் போகும்வரை அலச வேண்டும், அதுதான் வழி. சோதிக்க, ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் வைத்து அழுத்தித் தேயுங்கள். கறை இறங்கினால் இன்னும் அலசுங்கள். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் இறங்கினால் அந்தப் புடவை வெள்ளைப் பின்னணிக்கு ஆகாது, கருப்பு, மெரூன் துண்டுகளோடு போகட்டும்.

தைத்து முடித்த பிறகு சாயம் பரவிவிட்டால் காயவைக்காதீர்கள், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், கொஞ்சம் திரவ சோப்பு, போர்வை முழுக்க மூழ்க இரவு முழுதும் ஊறட்டும். தண்ணீர் நிறம் மாறினால் மறுபடியும். தண்ணீர் குறைவாக இருந்தால் போன சாயம் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

பட்டுப் புடவை சேர்க்கலாமா? (காஞ்சிபுரம்)

சுவரில் மாட்டுவதற்கு என்றால் சேர்க்கலாம். போர்த்துவதற்கு வேண்டாம். பழம்பட்டு மடிப்பில் கிழியும், ஜரிகை தோலை உராயும், வீட்டில் துவைக்கவும் முடியாது. கட்டாயம் வேண்டுமென்றால் பின்பக்கம் மெல்லிய ஃப்யூஸிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டிவிட்டு வெட்டுங்கள்.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்துப் பின் குத்துவேன். இப்போது முழங்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது. வேறு வழி உண்டா? (தஞ்சாவூர்)

தரையை விட்டுவிடுங்கள். சாப்பாட்டு மேசை போதும், போர்வை மேசையைவிடப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

முதலில் மேசையின் நடுவில் ஒரு பல்குச்சியைப் படுக்கவைத்து டேப் ஒட்டுங்கள். மேலே துணி வந்தாலும் விரலால் தடவி நடுவைக் கண்டுபிடிக்கத்தான் அது. மூன்று அடுக்கையும் நான்காக மடித்து நடுப்புள்ளியைக் குறியுங்கள். அடித்துணி மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 3 இன்ச் பெரிதாக இருக்க வேண்டும். அதன் உள்பக்கம் மேலே பார்க்க, நடுப்புள்ளி பல்குச்சியில் விழும்படி விரித்து, மேசை விளிம்பில் பைண்டர் கிளிப்பால் பிடியுங்கள். சுருக்கம் போனால் போதும், முறுக்கி இழுக்காதீர்கள். இழுத்துக் கட்டிய அடித்துணி கிளிப்பை எடுத்ததும் சுருங்கும், மேல்துணி உப்பும். பிறகு நடு அடுக்கு, அதற்கு மேல் மேல்துணி.

நடுவிலிருந்து வெளியே நகர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக, சுமார் 4 இன்ச் இடைவெளியில் ஊக்கு குத்துங்கள். மேசைப் பரப்பு முடிந்ததும் கிளிப்பை எடுத்து, துணியை நகர்த்தி, மீண்டும் கிளிப் போட்டு மீதியைக் குத்துங்கள். இடுப்பு வளைந்தால் முதுகு பிடிக்கும். மேசைக் கால்களுக்கு அடியில் ஒரே உயரக் கட்டைகளை வைத்து, நின்றபடி முழங்கையை மடக்கினால் கை படும் உயரத்துக்குச் சற்றுக் கீழே மேசை இருக்கும்படி செய்யுங்கள். ஆடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஊக்கை எண்ணி எடுங்கள், எண்ணித் திரும்ப வையுங்கள். போர்வை சர்க்கரை நோயாளிக்குப் போகிறது என்றால் இது விளையாட்டில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஊக்கு குத்தியதே தெரியாது. கடைசியில் ஒரு காந்தத்தைப் போர்வை முழுக்க இரண்டு பக்கமும் நகர்த்திப் பாருங்கள்.

கையால் ஓட்டுத்தையல் போட்டால் கட்டைவிரல் அடியில் வலி. ஊசியை இழுக்கவே முடியவில்லை. (நாகர்கோவில்)

வலி தைப்பதால் அல்ல, ஊசியைக் கிள்ளிப் பிடித்து இழுப்பதால் வருகிறது. ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி ஆள்காட்டி விரலில் போட்டுக்கொள்ளுங்கள், பலூன் துண்டும் ஆகும். பிடி வழுக்காது, பாதி பலம் மிச்சம். அடுத்தது ஊசி. கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலிந்து சிறிதாகும். மெஷின் ஊசியில் நேர்மாறு, எண் கூடினால் தடிக்கும். இந்தக் குழப்பத்தில் பலர் தப்பான ஊசியோடு மல்லுக்கட்டுகிறார்கள். குவில்ட்டுக்கு 9ஆம் எண் குட்டை ஊசி வசதி. நூலை 18 இன்ச்சுக்கு மேல் எடுக்க வேண்டாம், கை வீச வேண்டியிருக்காது, முடிச்சும் விழாது.

நடு அடுக்கு தடிமனாக இருந்தால் எந்த ஊசியும் காப்பாற்றாது. பழைய வேட்டியை ஒற்றையாக நடுவில் வையுங்கள், ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரியுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் எழுப்பினால் அது மணிக்கட்டு நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மெஷின் மிதிக்க முடியாது, அளந்து வெட்டவும் கண் சரியில்லை. தைக்காமலும் இருக்க முடியாது! (திண்டுக்கல்)

கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வழிவந்த 'சித்தி' சமூகப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலே வேண்டாம். அடியில் ஒரு புடவையை விரித்து, மூலையிலிருந்து தொடங்கி, கைக்கு வந்த துண்டுகளின் ஓரத்தை மடித்து ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறும்படி வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். துண்டைப் பொருத்துவதும் குவில்ட் செய்வதும் ஒரே வேலை, தனியாகப் பின் குத்துவதும் ஓரப்பட்டியும் கிடையாது. மூலைகளில் துணியை மடித்துப் பூப்போல வைத்து முடிப்பார்கள். தையல் கோணினாலும் அழகாகத்தான் இருக்கும்.

கண்ணுக்கு: வலக்கைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் தையலில் விழாது. கருநீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரிந்தால் புரை வளர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், புரை பார்வையில் மஞ்சளைப் பூசிவிடும். இருட்டு நிறத் துணியில் இருட்டு நூலைப் பகலில் மட்டும் தையுங்கள்.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளை, பகலில் படுத்திருக்கும் மாமனார். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. (திருச்சி)

சேர்ந்தாற்போல் நேரம் வேண்டியது வெட்டுவதற்கு மட்டும்தான். பாதியில் எழுந்து போனால் அளவு தப்பும். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நாளில் 63 சதுரத்தையும் ஒரே மூச்சில், இரண்டு மணி நேரத்தில் வெட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் துண்டு நேரத்தில் ஓடும்.

வரிசைக்கு 7 சதுரம் வீதம் 9 பையில் போடுங்கள். முதல் வரிசையின் இடது சதுரத்தில் ஒரு ஊக்கு, இரண்டாவதில் இரண்டு, இப்படி. எழுந்து போய் மூன்று நாள் கழித்து வந்தாலும் எது எங்கே என்று குழம்பாது. பத்து நிமிடம் கிடைத்தால் நூலை வெட்டாமல் சதுர ஜோடிகளை ஒன்றன்பின் ஒன்றாக மெஷினில் விட்டுக்கொண்டே போங்கள், தோரணம் போல வரும், பிறகு வெட்டிப் பிரிக்கலாம். ஓரப்பட்டியைக் கையால் மடித்துத் தைப்பதை ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஒதுக்கி வையுங்கள். கத்தரிக்குப் பதில் நகவெட்டி போதும், நூல் வெட்டும்.

அக்கா, நான் கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிறன். அம்மாவின்ர பருத்திச் சீலையில பிறக்கப்போற பேத்திக்கும், குளிருக்கு என்ர அவருக்கும் ஒண்டு தைக்க வேணும். உள்ளுக்கு என்ன வைக்கிறது?

அவருக்குப் பருத்தி பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) வையுங்கோ. பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். பொதியில் தையலுக்கு இடையில் எவ்வளவு தூரம் விடலாம் என்று போட்டிருக்கும், 4 இன்ச் என்றும் இருக்கும், 8 என்றும் இருக்கும். அதை மீறினால் உள்ளே கிழிந்து உருண்டுவிடும். சீலைகளை முதலே துவைத்துவிடுங்கோ, இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்கும்.

பேத்தியுடையதை ஒரு வயது வரை தொட்டிலில் போட வேண்டாம். தளர்வான போர்வை முகத்தை மூடினால் பிள்ளையால் விலக்க முடியாது, குழந்தை மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். விழித்திருக்கையில், நீங்கள் பக்கத்தில் இருக்க, தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட 36க்கு 36 இன்ச் தையுங்கோ. பொத்தான், மணி, ரிப்பன் ஒன்றும் வேண்டாம்.

மறதி நோய் உள்ள அத்தை போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறார். (சேலம்)

பிய்ப்பதற்கென்றே ஒன்று தைத்துக் கொடுங்கள். 18க்கு 24 இன்ச், மடிக்கு அடங்கும். ஒரு ஜிப், ஒரு வெல்க்ரோ மடல், ஒரு பை, சொரசொரப்பான துண்டு ஒன்று, வழவழப்பான துண்டு ஒன்று, பின்னி அவிழ்க்க மூன்று பட்டை. பட்டை 6 இன்ச்சைத் தாண்டக் கூடாது, விரலில் சுற்றும். வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் பொத்தானே கூடாது. இல்லையென்றால் பெரிய பொத்தானை, பின்பக்கம் இன்னொரு பொத்தான் வைத்து, இரட்டை நூலில் தையுங்கள். அவர் கட்டிய பழைய புடவைத் துண்டு ஒன்று அதில் இருக்கட்டும்.

சக்கர நாற்காலிக்காரருக்கு என்றால் அகலம் 36 இன்ச்சுக்குள். தொங்கும் ஓரம் சக்கரத்தில் மாட்டும்.

மெஷினில் ஓட்டும்போது சதுரத்துக்குச் சதுரம் மேல்துணி உப்பி மடிப்பு விழுகிறது. (ஈரோடு)

மெஷின் பல்லு அடித்துணியை இழுக்கிறது, துணியை மேலிருந்து அழுத்தும் ஃபுட் மேல்துணியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மேலும் கீழும் சேர்ந்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போடுங்கள். பழைய கறுப்பு மெஷினுக்கும் குட்டைக்கால் ஃபுட் பொருந்துமானால் கிடைக்கும். அதுவரை ஃபுட் அழுத்த ஸ்குரூவைச் சற்றுத் தளர்த்துங்கள், தையல் நீளம் 3 மில்லிமீட்டர், 14ஆம் எண் ஊசி. முதல் கோடு நடுவில், பிறகு இருபுறமும் வெளியே. போர்வையின் பாரம் மேசையில் இருக்க வேண்டும். மடியில் தொங்கினால் அதுவே இழுத்துத் தையலைக் கோணலாக்கும், தோளும் வலிக்கும்.

ஓரப்பட்டிக்கு எவ்வளவு துணி? (புதுச்சேரி)

சுற்றளவோடு 12 இன்ச் கூட்டுங்கள். 42க்கு 54 என்றால் 192, கூட்டினால் 204. இரண்டரை இன்ச் அகலப் பட்டி. 44 இன்ச் துணி என்றால் ஐந்து பட்டி வெட்டி, குறுக்காக இணைக்க வேண்டும். புடவையின் நீளத்தில் வெட்டினால் 216 இன்ச், இணைப்பே இல்லாமல் ஒரே பட்டி. ஆனால் நையாத புடவையாகப் பாருங்கள், போர்வையில் முதலில் தேயும் இடம் அதுதான்.

ஒருத்திக்குத் தைத்தேன், இப்போது சொந்தம் முழுக்க "சும்மாதானே இருக்கே, எனக்கும் ஒண்ணு" என்கிறார்கள். டபுள் பெட் அளவு வேறு! (சென்னை)

மணியைச் சொல்லுங்கள், மனம் நோகாது. 42க்கு 54 போர்வைக்கு வெட்ட 2, இணைக்க 4, பின் குத்த 1, ஓட்ட 4, ஓரப்பட்டிக்கு 3, ஆக சுமார் 14 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் தைத்தால் இரண்டு வாரம். இதைச் சொன்ன பிறகும் கேட்பவர்களிடம், புடவையைத் துவைத்து, நைந்ததைக் கழித்து, 7 இன்ச் சதுரமாக வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதிப் பேர் வர மாட்டார்கள், வருகிறவர்களுக்குத் தைத்துக் கொடுக்கலாம். காசு வாங்குவதானால் உங்கள் ஊரில் தையல்காரருக்கு என்ன நாள்கூலியோ அதை மணிக்குப் பிரித்து வாங்குங்கள், துணிச் செலவு தனி.

டபுள் பெட் அளவை யாருக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 90க்கு 100 இன்ச் என்பது சின்னதைப் போல நான்கு மடங்கு துணி. மெஷின் கழுத்துக்குள் சுருட்டி நுழைப்பதற்கே தோள்பட்டை போய்விடும். வாங்கிக்கொள்பவர் அறுபதைத் தாண்டியவர் என்றால் நனைந்த அந்தப் போர்வையை வாளியிலிருந்து தூக்கவும் அவரால் முடியாது, பீரோவின் மேல்தட்டுக்குத்தான் போகும்.