சௌதாலாவின் மதிப்பெண்கள்

அன்புள்ள ஐயா,

ஹரியானாவின் முன்னாள் முதலமைச்சர் ஓம் பிரகாஷ் சௌதாலா தம் 86ஆம் வயதில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வெழுதி 88 மதிப்பெண் பெற்றார் என்ற பழைய செய்தியை அண்மையில் படித்தேன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், மனம் நெகிழ்ந்துவிட்டது. தாங்களோ ஒரு கட்டுரையில் அவரை ‘தண்டிக்கப்பட்ட ஊழல்வாதி’ என்று ஒரே வரியில் கடந்து சென்றிருந்தீர்கள். 78 வயதில் ஒருவருக்குப் பத்தாண்டு சிறை விதித்ததில் அரசியல் பழிவாங்கல் இருந்திருக்காதா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சிறைக்குப் போனதே பிறருடைய மதிப்பெண்களைத் திருத்திய வழக்கில்தான் என்பது நினைவில் இல்லாதிருந்தால், நானும் நெகிழ்ந்திருப்பேன். நீங்கள் ஆசிரியர் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

1999-2000இல் சௌதாலா தலைமையிலான ஹரியானா அரசு 3,206 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை நியமித்தது. அந்தத் தேர்வுப் பணி பணியாளர் தேர்வாணையத்திடமிருந்து எடுக்கப்பட்டு மாவட்டக் குழுக்களிடம் தரப்பட்டது. குழுக்கள் நேர்காணல் நடத்தி மதிப்பெண் பட்டியல்களை அனுப்பிய பிறகு, அவற்றுக்குப் பதிலாக வேறு பட்டியல்கள் முன்தேதியிட்டுத் தயாரிக்கப்பட்டு, குழு உறுப்பினர்களிடமே மறுபடி கையெழுத்து வாங்கப்பட்டது. கல்வித் தகுதிக்கான மதிப்பெண்ணில் கைவைத்தால் சான்றிதழ் காட்டிக்கொடுத்துவிடும்; நேர்காணல் மதிப்பெண்ணுக்கு அதைப் போட்டவரின் கையெழுத்தைத் தவிர வேறு சாட்சியில்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே புகுந்தார்கள்.

அப்போது தொடக்கக் கல்வி இயக்குநராக இருந்த ரஜனி சேக்ரி சிபல் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பட்டியலை மாற்ற மறுத்தார். அசல் பட்டியல்கள் இருந்த இரும்பு அலமாரியைத் துணியால் சுற்றிக் கட்டி, கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்தார். விரைவிலேயே அவர் மாற்றப்பட்டார். பின்னர் அந்தப் பொறுப்புக்கு வந்த சஞ்சீவ் குமாரின் காலத்தில் இரண்டாம் பட்டியல்படியே நியமனங்கள் நடந்தன. அவரே 2003இல் இரண்டு பட்டியல்களோடும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் என்பதும், வழக்கின் முடிவில் அவரும் குற்றவாளி எனத் தீர்ப்பாகிப் பத்தாண்டு தண்டனை பெற்றார் என்பதும் இக்கதையின் விசித்திரம்.

பழிவாங்கல் என்ற உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றம் 2003இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டபோது ஹரியானாவின் முதலமைச்சர் சௌதாலாவேதான். குற்றப்பத்திரிகை 2008இல், மத்தியில் காங்கிரஸ் ஆண்டபோது தாக்கலானது என்பதைத்தான் அவருடைய கட்சியினர் சுட்டிக்காட்டுவார்கள்; அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் 2013 ஜனவரியில் டெல்லி சிறப்பு நீதிமன்றம் அவரையும் அவர் மகன் அஜய் சௌதாலாவையும் உள்ளிட்ட 55 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்ததை 2015இல் டெல்லி உயர் நீதிமன்றமும், அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. அப்போது மத்தியில் இருந்தது பாரதிய ஜனதா ஆட்சி. இரண்டு எதிரெதிர் கட்சிகளின் ஆட்சிக்காலத்தைத் தாண்டி நின்ற வழக்கைப் பழிவாங்கல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று: அவருடைய அரசியல் சரிவைச் சிறைத் தண்டனையிலிருந்து கணக்கிடுவது பிழை. தந்தை தேவிலால் 1989 டிசம்பரில் துணைப் பிரதமராக டெல்லிக்குப் போனபோது காலியான நாற்காலியில் முதன்முறை அமர்ந்தவர் அவர். சட்டமன்ற உறுப்பினராவதற்கு 1990இல் மெஹம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தல் வன்முறையில் முடிந்து பலர் உயிரிழந்தார்கள். 2000இல் தொண்ணூறு இடங்களில் 47ஐ வென்ற அவர் கட்சி, 2005இல் ஒன்பதுக்குச் சுருங்கியது. அப்போது தீர்ப்பு எட்டாண்டு தொலைவில் இருந்தது. சிறைக்குப் பிறகு நடந்தது குடும்பப் பிளவு: பேரன் துஷ்யந்தின் புதிய கட்சி 2019இல் பத்து இடங்களை வென்றது, தாத்தாவின் கட்சிக்கு ஒன்றே ஒன்று.

2021இல் அவர் விடுதலையானார். மறு ஆண்டே சொத்துக் குவிப்பு வழக்கில் மேலும் நான்காண்டு தண்டனை. 2024 டிசம்பரில் காலமானார்.

ஒரே வரியில் கடந்தது என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டுரை நூலாகும்போது அவ்வரியை விரித்து, துணி சுற்றிய அலமாரியையும் சேர்த்துவிடுகிறேன்.