கயிறு கட்டினால் சீறுகிறான், அவிழ்த்தால் சாது: என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். எங்கள் ஜிம்மிக்கு மூன்று வயது, ஆண், நாட்டு நாய். கயிறு கட்டி நடக்கும்போது எதிரே ஒரு நாய் வந்தால் போதும், எகிறி நின்று குரைக்கிறான். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் அவிழ்த்துவிட்டால் அதே நாய்களை மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் வருகிறான். இனி கயிறே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? பயிற்சியாளர் ஒருவர் மூன்று வாரம் தன்னிடம் விடச் சொல்கிறார். கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் பட்டை போட்டுத் திருத்தித் தர 1,800 ரிங்கிட். முன்பணம் 300 கொடுத்துவிட்டேன்.

பதில்: ஐயா, முதலில் அந்த ஆளிடம் நாயை விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஜிம்மி இரட்டை வேடம் போடவில்லை. நாய்கள் தாமாகச் சந்திக்கும்போது நேருக்கு நேர் போய் நிற்பதில்லை. கொஞ்சம் வளைந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் வந்து வாலடியை மோந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் விலகிவிடும். தோட்டத்துக்குள் அவன் செய்வது அதுதான். சாலையோரத்தில் கயிற்றைப் பிடித்து நேராக நடத்துகிறீர்கள். வளையவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. உங்கள் சட்டையைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்து, முன்பின் தெரியாத ஆளின் முகத்துக்கு நேரே தள்ளினால் வணக்கமா சொல்வீர்கள்? போதாததற்கு, எதிரே நாயைக் கண்டதும் உங்கள் கை தானாகக் கயிற்றை இறுக்கும். இறுகிய கயிறு அவன் முன்னுடம்பைத் தூக்கிவிடும். மார்பை நிமிர்த்தி நிற்கிறவனைப் பார்த்ததும் மற்ற நாய் சண்டைக்குத்தான் வருகிறான் என்று எடுத்துக்கொள்ளும். செக் நாட்டின் பிர்னோ நகரில் நடைக்கு வந்த நாய்களைக் கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கயிற்றில் இருந்த நாய்கள் ஒன்றையொன்று மிரட்டியது ஏறக்குறைய இரு மடங்கு. அவிழ்த்திருந்தவை ஒன்றையொன்று அதிகமாக மோந்து பார்த்தன.

அப்படியானால் அவிழ்த்துவிடலாமே என்பீர்கள். கூடாது.

செம்பனைக்குள் எலி மருந்து வைப்பார்கள். ஜிம்மி அதைத் தின்றாலும், அதைத் தின்று செத்த எலியைத் தின்றாலும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். உள்ளே ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டிருக்கும். சந்தேகம் வந்தாலே மருந்துப் பொட்டலத்தோடு கிளினிக்குக்கு ஓடுங்கள். வைட்டமின் கே1 உடனே தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். பாலும் முட்டையும் ஊற்றிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தூக்கி வருகிறவர்கள்தான் அதிகம். காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணி நாய் எது பன்றி எது என்று பார்க்காது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிளைத் துரத்தி யாராவது விழுந்துவிட்டால் தண்டனைச் சட்டம் 289-ஆம் பிரிவு இருக்கிறது. விலங்கைக் கவனக்குறைவாக விட்டதற்கு அதில் சிறைக்கும் இடம் உண்டு. மலாய்க் கம்பத்து (கிராமத்து) வழியாக நடக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: ஜிம்மி அன்பாக ஒருவர் காலை நக்கிவிட்டால், இஸ்லாமிய முறைப்படி அவர் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். அந்தச் சங்கடத்தை அவருக்கு ஏன் கொடுப்பானேன்? அந்த இடத்தில் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

அவிழ்த்துவிட ஓர் இடம் உண்டு: சுற்றிலும் வேலி அடைத்த இடம். இதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் வேலி என்று சொன்னால் ஆளாளுக்கு ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்துத் திடல் வேலி அடைத்த இடம் ஆகாது. மூன்று பக்கம் சாக்கடை இருந்தாலும் ஆகாது, ஜிம்மி அதைத் தாண்டுவான். கம்பி வேலி இருந்தும் கீழே பன்றி தோண்டிய பள்ளம் இருந்தால் அது வேலியே இல்லை. கேட் இருக்க வேண்டும், கேட்டுக்குக் கொண்டி இருக்க வேண்டும், உள்ளே கோழி இருக்கக் கூடாது, சொந்தக்காரர் சரி என்று வாயால் சொல்லியிருக்க வேண்டும். உறவினரின் பழத்தோட்டம் இப்படி அமைந்தால் நல்லது. அங்கும் முதல் நாள் பத்து மீட்டர் நீளக் கயிற்றோடு விட்டு, ஓடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். உடும்பைத் துரத்துகிறவன் பாதியில் திரும்பி வந்தால்தான் கயிற்றைக் கழற்றலாம். சும்மா நிற்கும்போது கூப்பிட்டு வருவது கணக்கில் வராது.

மற்ற நேரமெல்லாம் கயிறுதான், ஆனால் தொய்வாக. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளத்தில் தட்டையான நாடாக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வேண்டாம். அது எப்போதும் ஒரு இழுப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மெல்லிய கயிறு விரலையும் அறுக்கும். கழுத்தை இறுக்கும் சங்கிலியைத் தூக்கிப் போடுங்கள். கழுத்துப் பட்டையை நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று 2006-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பில் மாட்டும் ஹார்னஸில் அப்படி ஏறவில்லை. மார்புப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் தூரம். மற்ற நாயை ஜிம்மி பார்க்கிறான், இன்னும் குரைக்கவில்லை. அந்தத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். ஐம்பது அடியாக இருக்கலாம், ஒரு தெருவாகவும் இருக்கலாம். அங்கேயே அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுத்து, அரைவட்டமாக வளைந்து வேறு பக்கம் நடந்துவிடுங்கள். நாய் தெரிந்தால் கறி வரும், விலகவும் விடுவார் என்று அவனுக்குப் பதிய வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். குரைக்கத் தொடங்கிய பிறகு கறியைக் காட்டிப் பயனில்லை, திட்டியும் பயனில்லை. குப்பைத்தொட்டிப் பக்கமும் சாப்பாட்டுக் கடைப் பின்புறமும் போகாதீர்கள், கூட்டம் அங்கேதான். தெருநாய் ஒன்று நெருங்கினால் ஓடாமல் இருவருக்கும் நடுவில் நில்லுங்கள். குனிந்து கல் எடுப்பதுபோல் காட்டினாலே நம்மூர் நாய் பெரும்பாலும் நின்றுவிடும். நிஜமாக எறிய வேண்டாம், ஜிம்மி மிரள்வான்.

இப்போது அந்தப் பயிற்சியாளர். எதிரே நாய் வரும்போதெல்லாம் கழுத்தில் ஷாக் அடித்தால் ஜிம்மி என்ன கற்றுக்கொள்வான்? நாய் வந்தால் வலிக்கும் என்று. குரைப்பு அடங்கும், பயம் கூடும். உறுமினால் அடி என்று தெரிந்த நாய் உறுமாமலே கடிக்கும். மூன்று வாரம் கழித்து அவர் முன்னால் பெட்டிப்பாம்பாக நிற்கும் நாயை வீடியோ எடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து சில நாளில் பழைய கதைதான், அப்போது இரண்டாம் கட்டப் பயிற்சி என்று இன்னொரு தொகை. நீங்கள் பார்க்க வரக் கூடாது என்று சொல்கிற எந்த இடத்திலும் நாயை விடாதீர்கள். 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை தண்டம் இருக்கிறது. பூட்டிய கூண்டுக்குள் போய் யார் பார்க்கிறார்கள்?

நாய் உரிமம் எடுத்துத் தருகிறேன் என்று வரும் ஏஜண்டையும் நம்பாதீர்கள். நகராண்மைக் கழக முகப்பில் நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள், உரிம வில்லையை நாயின் கழுத்தில் மாட்டுங்கள். எங்கள் தெருவில் அவிழ்ந்து திரியும் நாய்களுக்காகப் புகார் கொடுத்தால் படிவம் தருகிறார்கள், படிவம் நிரப்பினால் இன்னொரு படிவம். நாய் பிடிக்கிற வண்டி வரும் நாளில் தெருநாய்கள் மோப்பம் பிடித்து ஓடிவிடும். வாலாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் வீட்டு நாய்தான் மாட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையையும் கையோடு வைத்திருங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அந்த நோய் திரும்ப வந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள்.

முன்பணத்தை விடாதீர்கள். நாயை இன்னும் ஒப்படைக்காததால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.