மூன்றாவது குழியில் இடிக்கும் ஷாக்

கேள்வி: 350 சிசி வண்டி வைத்திருக்கிறேன். போன மாதம் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் (ஷாக்) இரண்டையும் மாற்றி, ரிபவுண்ட் திருகு உள்ள புது ஷாக் போட்டேன். மனைவி, குழந்தையோடு போகிற வண்டி, ஆடக் கூடாது என்று கடையில் அந்தத் திருகை முழுக்க இறுக்கிக் கொடுத்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் காசிமேடு நோக்கி வரும்போது முதல் இரண்டு குழி தெரிவதே இல்லை. மூன்றாவது குழியில் ஷாக்கே இல்லாதது போல இடுப்பில் இடிக்கிறது. ஸ்பிரிங் ரொம்ப கடினமா? இளகின ஸ்பிரிங் போடலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள் தம்பி. அது கடினமாக இருந்தால் முதல் குழியிலேயே இடித்திருக்கும். முதல் இரண்டு தெரியவில்லை, மூன்றாவதில் இடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு என்னவென்று அந்த வரியே சொல்லிவிட்டது. உங்கள் ஷாக் அமுங்குகிறது, ஆனால் திரும்பி எழ அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஏடிஎம் கதவின் தலையில் ஒரு பெட்டி இருக்கும், பார்த்திருப்பீர்கள். கதவைத் தள்ளி மூடுவது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். அது படாரென்று அடிக்காமல் பிடித்து வைப்பது எண்ணெய். பக்கத்துத் திருகை அதிகம் இறுக்கினால் எண்ணெய் போகும் வழி சுருங்கி, கதவு ஊர்ந்து ஊர்ந்து மூடும். ரிபவுண்ட் திருகும் இதே வேலையைத்தான் செய்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக விரியலாம் என்பது அதன் கையில் இருக்கிறது.

உங்கள் ஷாக் 80 மில்லிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் உட்கார்ந்ததுமே 30 போய்விட்டது, மீதி 50. முதல் குழி 25 அமுக்குகிறது. திருகு இறுகியிருப்பதால் 10 மட்டும் திரும்புவதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. இப்போது கையில் இருப்பது 35. அதில் 25 போய், 10 திரும்பி, மிஞ்சுவது 20. மூன்றாவது குழிக்கு 25 வேண்டும், இல்லை. ஷாக் அடிமட்டத்தில் முட்டுகிறது, அந்த அடி இடுப்பில் விழுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 14 மீட்டர் ஓடும். குழிகளுக்கு நடுவே 3 மீட்டர்தான் என்றால் ஷாக் எழுவதற்குக் கால் நொடிகூடக் கிடையாது. கன்டெய்னர் லாரிகள் நசுக்கிய அந்தச் சாலையில் குழி எங்கே தனியாக வருகிறது? வரிசையாகத்தான் வரும்.

இடுப்பு வலியைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. மெதுவாக விரியும் ஷாக், சக்கரத்தைக் குழிக்குள் இறக்காது. அந்த நேரத்தில் டயர் ரோட்டை விட்டிருக்கும். அப்போது பின் பிரேக் பிடித்தால் வழுக்கிவிடும், அதுவும் பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு. ஆகவே இந்த வாரமே சரிசெய்யுங்கள்.

திருகு இப்போது முழுக்க மூடியிருக்கிறது அல்லவா, அங்கிருந்தே, திருப்பும்போது கேட்கும் ‘கிளிக்’ சத்தங்களை எண்ணுங்கள். இரண்டு ஷாக்கிலும் ஒரே எண்ணிக்கையில் கிளிக் திறந்து, மொத்தக் கிளிக்கில் பாதியில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் எட்டு, மறு பக்கம் பத்து என்று விடவே கூடாது. அப்புறம் பத்து நிமிடம் ஓட்டுங்கள். எண்ணெய் சூடானால் இளகும், அதனால் குளிர்ந்த வண்டியில் பார்த்த கணக்கு நிற்காது. வண்டியை நேராக நிறுத்திப் பின்சீட்டை இரண்டு கையாலும் அழுத்திச் சட்டென்று விடுங்கள். சீட் ஒரே மூச்சில் எழுந்து அமைய வேண்டும். எழுந்தபின் இன்னும் இரண்டு முறை குதித்தால் திருகு அதிகம் திறந்திருக்கிறது. மாவு பொங்குவது போல மெல்ல எழுந்தால் இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. பிறகு அதே சாலையில், அதே வேகத்தில், அதே மூன்று பேரோடு போய்ப் பாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கிளிக்குக்கு மேல் மாற்றாதீர்கள். எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி சைடு கவருக்குள் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றுகிற ஒருவரின் வண்டி போன வருடம் என்னிடம் வந்தது. எவ்வளவு திருகினாலும் குதிரை மாதிரி குதித்தது. ஷாக்கின் பளபளக்கும் தண்டில் நகத்தை வைத்து இழுத்தேன், ஒரு இடத்தில் சொரசொரத்தது. உப்புக்காற்றில் குரோமியம் அரித்து, கடுகளவு துரு. அது ஏறி இறங்கும்போதெல்லாம் ஆயில் சீலை அறுத்து, எண்ணெய் முழுக்க வெளியே போயிருந்தது. எண்ணெய் இல்லாத ஷாக்கில் எந்தத் திருகுக்கும் வேலை இல்லை. திருவொற்றியூரிலும் அதே காற்றுதான். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் தண்டைத் துடைத்து உலர விடுங்கள்.

கேள்வி: என் 100 சிசி வண்டியில் ஷாக்கின் கீழே படிப்படியாக ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் ரிபவுண்ட் மாறுமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: மாறாதும்மா. அது ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைக்கிற வளையம். பின்னால் ஆள் ஏறினால் ஒரு படி, இரண்டு படி ஏற்றலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும்.