இரணைமடுக் குளம் உடைந்துவிட்டதாம், நம்பலாமா?

கேள்வி: ஐயா, மாரி மழை தொடங்கினால் போதும், எங்கள் ஊர் வாட்ஸ்அப் குறூப்பில் "இரணைமடு உடைச்சுக்கொண்டு வருகுது, ஓடுங்கோ" என்று ஒரு குரல்பதிவு வந்துவிடும். போன மாரிக்கு வீடியோவும் வந்தது. அம்மாவையும் மாடுகளையும் வைத்துக்கொண்டு எதை நம்புவது?
- வாசகி, முரசுமோட்டை

பதில்: பிள்ளை, நீர்ப்பாசன வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அதனால் குளத்திலிருந்தே தொடங்குகிறேன். கிளிநொச்சி இரணைமடுவில் 36 அடி வரை தண்ணீர் மறிக்கலாம். மட்டம் அதை நெருங்கினால், மிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் வான்கதவுகளைத் திறப்பார்கள். குளக்கட்டைக் காப்பாற்றத்தான் அது. அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் இறங்கி, உங்கள் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு சுண்டிக்குளம் போய்ச் சேரும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியில் வீடுகள் மூழ்கியபோது குளம் உடைந்திருக்கவில்லை, கட்டு அப்படியே நின்றது. ஆனபடியால், "உடையவில்லையாம்" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கவும் கூடாது. எத்தனை கதவு, எத்தனை அங்குலம், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள். உண்மையான அறிவித்தலில் இந்த விவரம் இருக்கும்.

குரல்பதிவில் இது எதுவும் இராது. பேசுகிறவர் "இப்ப" என்பார், தேதி சொல்லமாட்டார். அது போன வருட மழையாகவும் இருக்கலாம். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவரையே கூப்பிட்டு, "நீங்கள் கண்டீர்களா, ஆர் தந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது ஆளோடு கதை நின்றுவிடும்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரணைமடுவின் கட்டு மண்கட்டு. உயர்ந்த கொங்கிறீற் சுவர் பிளந்து, பின்னால் மலை தெரிந்தால் அது நம்முடைய குளம் இல்லை. இங்கே ஏது மலை? பேச்சுத் தமிழ், வாகன இலக்கத்தகடு, கடைப் பலகை எல்லாமே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், பழைய படம் பலதும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

அப்புறம், இதையெல்லாம் பார்க்கும் வரை வளவுக்குள் இருக்கச் சொல்லவில்லை. மாடுகளை அவிழ்த்து மேட்டுப் பக்கம் விடுங்கள், அம்மாவின் மருந்தையும் அடையாள அட்டையையும் ஒரு பையில் போடுங்கள். செய்தி பொய்யானாலும் அதனால் நட்டமில்லை. ஆனால் விசாரிக்காமல் அடுத்த குறூப்புக்கு அனுப்பாதீர்கள். இருட்டில், தண்ணீர் பாயும் வீதியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இறங்கிவிட்டால் அவர்களை யார் திருப்பிக் கூப்பிடுவது?

விதானையாரை, அதுதான் கிராம அலுவலரைக் கேளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழுத்துங்கள். தெரிந்ததை நேரத்தோடு அதே குறூப்பில் எழுதிவிடுங்கள். மழையில் தொலைபேசிக் கோபுரம் விழுந்து சிக்னல் போவதும் உண்டு. ஆனபடியால் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற நம்பிக்கையான இரண்டு பேரோடு, தண்ணீர் ஏறினால் ஆள் அனுப்பிச் சொல்லும்படி இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.