அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அப்புறம் ஏன் பெண்கள் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்?

ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டால் இலவசம்தான், அதில் பொய்யில்லை. செலவெல்லாம் வாசலுக்கு வெளியே இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.

எங்கள் பெரியம்மா மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார், பீஸ் ரேட்டில் (எண்ணிக்கைக்குத்தான் கூலி). கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் அதிக உதிரப்போக்கு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையிலேயே ரொம்ப காலம் ஓட்டினார். ஓ.பி. காலையில்தான். சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டுக்கு உட்கார்ந்தால் மதியமாகிவிடும். ஸ்கேனுக்கு வேறொரு தேதி போட்டுக் கொடுப்பார்கள், அன்றைய கூலியும் போச்சு. டவுன் பஸ் 2021 முதல் பெண்களுக்கு இலவசம், நல்லதுதான். ஆனால் டிக்கெட் காசு இல்லாமல் யாரும் நின்றுவிடவில்லை. கடைசியில் அக்கா போய்ச் சேர்ந்தபோது ஹீமோகுளோபின் 6. "ரத்தம் ஏத்தாம ஆபரேஷன் பண்ண முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

அட்மிஷன் என்றதும் அடுத்த கேள்வி, துணைக்கு யார்? பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை இருக்க விடமாட்டார்கள் (நியாயம்தான்). ஆக, இன்னொரு பெண் தன் வேலையை விட்டுவிட்டு வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரிக்க வேண்டும். மாமாவுக்கு உடம்பு முடியாதபோது அக்கா இருந்தார், யாரும் யோசிக்கவே இல்லை. அக்காவுக்கு என்றதும் ஆள் தேடி நாலைந்து வீட்டுக்கு போன் போட்டார்கள். என் அம்மா போனார், அவருடைய நூறு நாள் வேலைக் கூலி போனது. அக்கா இல்லாத வீட்டில் மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு. இதெல்லாம் எந்தப் பில்லிலும் வராது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தருகிறது. பெரிய ஆபரேஷன் என்றால் கை கொடுக்கும், ஆனால் போன கூலியைத் தராது. கூலியை ஈடுகட்டுவது, சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.தான். நோய் விடுப்புக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை. பீஸ் ரேட்காரர்களுக்கும் சட்டப்படி அது உண்டு. அக்காவுக்குக் கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்ததே இல்லை.

இதே அக்கா கர்ப்பமாக இருந்தபோது நர்சம்மா வீடு தேடி வந்தார், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் வந்தது. பிள்ளை பெற்று முடித்தபின் அதே கர்ப்பப்பை என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. 30 வயதுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். யாராவது வந்து கூப்பிடட்டும் என்று இருக்காமல், நாமாகப் போய்க் கேட்பது நல்லது.

புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காப்பீட்டு அட்டை ரேஷன் கார்டை வைத்துத்தான் தருகிறார்கள். பிறந்த வீட்டுக் கார்டில் பெயரை நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்தாயிற்றா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அட்மிஷன் போடுகிற அன்றைக்கு தாலுகா ஆபீசுக்கு அலைய முடியாது.