திறக்காத கோப்புகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

18 ஆண்டுகளாக ஊடாடும் காட்சி வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். தொட்டால் அசையும் படங்களை இணையத்துக்காகச் செய்ய உதவிய ஃப்ளாஷ் மென்பொருளில் தொடங்கியவள். குழந்தைகளுக்கான பாடங்கள், ஓர் அருங்காட்சியகத்தின் தொடுதிரை, இசைக்கருவிகளைத் தொட்டு வாசிக்கும் ஓர் இணையதளம் என்று ஆசை ஆசையாகச் செய்தேன். நிரலை எப்போதும் வேறொருவர்தான் எழுதுவார். இன்று அவற்றில் ஒன்றுகூடத் திறப்பதில்லை. இப்போது ஒரு நிறுவனத்தின் செயலிக்குப் படிவப் பக்கங்கள் வடிவமைக்கிறேன். எழுத்துரு, நிறம், இடைவெளி எல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. என்னோடு படித்த தோழி ஓவியர். அவளுடைய இருபது ஆண்டு ஓவியங்களை ஒரு கண்காட்சியில் சேர்த்துப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை. நான் கலைவாழ்வு வாழ்ந்தேனா, வெறுமனே வேலைக்குப் போய்வந்தேனா? 41 வயதில் நிரல் எழுதக் கற்பதில் பயன் உண்டா? வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் இழப்பு உண்மையானது. "அனுபவம் மிச்சம் இருக்கிறதே" என்று சொல்லி அதைச் சிறிதாக்க எனக்கு மனமில்லை. 1996இல் பிறந்த ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31 அன்று அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியது. அடுத்த சில நாட்களில், கணினிகளில் ஏற்கெனவே இருந்த, ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டும் பிளேயரும் அவற்றை ஓட்ட மறுத்துவிட்டது. ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்களின் இளமை அதற்குள் இருந்தது. ஓவியமும் வெளுக்கும், செல்லரிக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் முடிவால் உலகெங்கும் சில நாட்களில் மறைந்துபோகாது.

இருந்தாலும் முதலில் உங்கள் பழைய சிடிக்களையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் தேடி எடுங்கள். ரஃபிள் என்றொரு திறமூல மென்பொருள் இருக்கிறது. பழைய ஃப்ளாஷ் கோப்புகளில் நிறைய அதில் ஓடுகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் 2020 நவம்பர் முதல் அதன் துணையோடுதான் அந்தக் காலத்துப் படைப்புகளை உலாவியில் ஓடவிடுகிறது. உங்களுடையது ஓடினால் உடனே திரையைப் பதிவு செய்துவிடுங்கள். மவுஸ் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்பதும் பதிவில் தெரிய வேண்டும். அது தெரியாத பதிவு வெறும் அனிமேஷன். உங்கள் வேலை அதில் பாதிதான் இருக்கும்.

தோழியின் கண்காட்சிச் சுவரோடு உங்களை ஒப்பிட்டதில்தான் நான் உடன்படவில்லை. ஓவியம் யாரும் பார்க்காதபோதும் முழுமையாக இருக்கிறது. நீங்கள் செய்வது ஒருவர் கைவைத்தால் ஒழிய நிகழ்வதே இல்லை. மேடை நடிகரின் கலையைப் போல, எதிரில் ஆள் இருந்தால்தான் அது உண்டு. நீங்கள் கையாளும் பொருள் நிறமோ வடிவமோ அன்று. ஒரு செயலுக்குக் கிடைக்கும் பதிலும், அந்தப் பதில் வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரமும்தான்.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். விரல் பட்டதும் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் திரை அசைந்தால், தன் விரலே அதை அசைத்ததாக மனிதர் உணர்கிறார். ஒரு நொடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் அறுந்துவிடுகிறது. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், ஓடும் திரையில் பத்தில் ஒரு பங்கு நொடி என்பது ஆறு ஃப்ரேம். அந்த ஆறுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் நீங்கள். ஒரு பட்டியல் ஒரே வேகத்தில் திறந்தால் உயிரற்றுத் தெரிகிறது. சட்டென்று கிளம்பிக் கடைசியில் மெல்ல அடங்கினால், சொன்னதைக் கேட்டுக்கொண்டது போல இருக்கிறது. மூடும்போது திறந்ததைவிடச் சீக்கிரம் மூட வேண்டும், ஏனென்றால் பயன்படுத்துபவரின் மனம் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. இவ்வளவையும் யோசித்துச் செய்பவரைப் பார்த்துக் கலைஞர் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்தப் படிவப் பக்கத்துக்கு வருகிறேன். ஒருவர் தொலைபேசி எண்ணை அடித்துக்கொண்டிருக்கிறார். மூன்று இலக்கம் அடிப்பதற்குள் 'தவறான எண்' என்று சிவப்பில் காட்டும் படிவங்கள் எத்தனை! அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை, அதற்குள் அதட்டல். கட்டத்தை விட்டு அவர் வெளியேறும் வரை பொறுத்திருக்கலாம். தவறிருந்தால் அந்தக் கட்டத்தின் கீழேயே என்ன தவறு என்று சொல்லலாம். அவர் திருத்திய கணமே அதை எடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதோ ஒரு கட்டம் சரியில்லை என்பதற்காக அவர் அடித்த மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடாமல் இருக்கலாம். சாம்பல் நிறத்தில் மங்கலாக அச்சிட்ட குறிப்பு அழகாக இருக்கும்தான். ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் கேட்பது, கண் மங்கியவரும் படிக்க வேண்டும் என்பதற்காக. திரை அசைந்தாலே தலை சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். 'அசைவைக் குறை' என்று அவர்கள் கணினியில் வைத்திருக்கும் அமைப்பை உங்கள் பக்கம் மதிக்கிறதா? முகம் தெரியாத ஒருவரின் பதற்றத்தை முன்கூட்டியே கற்பனை செய்வது எந்தக் கதாசிரியரின் கற்பனைக்கும் குறைந்தது இல்லை. அருங்காட்சியகத் தொடுதிரைக்கு மக்கள் ஆவலோடு வருகிறார்கள். படிவத்துக்கு வேறு வழியின்றி வருகிறார்கள். பின்னது கடினமான மேடை என்று உறுதியாக நம்புகிறேன்.

வகுத்துவைத்த நிறமும் இடைவெளியும் உங்களை நெரிக்கின்றன என்பது புரிகிறது. வடிவமைப்பாளர் சூசன் கேரை நினைத்துப் பாருங்கள். அவர் சிற்பக்கலையிலிருந்து வந்தவர். 1984இல் வெளிவந்த ஆப்பிளின் மெகின்டாஷ் கணினிக்குப் படக்குறிகள் வரைய அவருக்குக் கிடைத்தது 32க்கு 32 கட்டம். கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது. 1,024 சதுரங்களுக்குள் சிரிக்கும் கணினியை வரைந்தார். பலவற்றை முதலில் கட்டத்தாள் நோட்டில் பேனாவால் நிரப்பிப் பார்த்தார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2015இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது அந்த நோட்டைத்தான். உங்கள் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். கைவிட்ட வரைவுகளையும், 'ஏன் கைவிட்டோம்' என்று ஓரத்தில் எழுதிய இரண்டு வரியையும் சேர்த்து வையுங்கள்.

நிரல் பற்றிக் கேட்டீர்கள். கற்றுக்கொள்ளுங்கள். வேலைச் சந்தைக்காக இல்லை. அசையாத படங்களை வரைந்து ஒப்படைத்துவிட்டால், எந்தக் கணத்தில் எது அசைய வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். அதாவது உங்கள் கலையின் மையத்தை அவரிடம் கொடுத்துவிடுகிறீர்கள். ப்ராசஸிங் என்ற மொழியை 2001இல் பென் ஃப்ரையும் கேசி ரியாஸும் தொடங்கியதே, காட்சிக் கலைஞர்கள் வரைவது போல நிரல் எழுதிப் பார்க்கட்டும் என்றுதான். அதன் வழிவந்த பி5.ஜேஎஸ் உலாவியிலேயே ஓடும். முதல் வட்டத்தை விரலைப் பின்தொடரச் செய்ய ஒரு மாலை போதும்.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். வடிவமைப்பாளர் மியூரியல் கூப்பர் 1925இல் பிறந்தவர்; அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு நூல்கள் வடிவமைத்தவர். 1970களில், ஐம்பதை நெருங்கும்போது, எம்ஐடியில் விசிபிள் லாங்குவேஜ் வொர்க்‌ஷாப் என்ற ஆய்வுக்கூடத்தை இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். அவர் தேர்ந்த நிரலாளர் இல்லை. நிரல் எழுதும் மாணவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். எழுத்துகள் முப்பரிமாண வெளியில் மிதக்க, படிப்பவர் அவற்றினூடே பறந்து செல்லும் திரைகளை 1994இல், தாம் இறந்த ஆண்டில், காட்டினார். 41 சின்ன வயது.

வேலையை விடுவது பற்றி: விதிகள் இறுக்கமாக இருக்கின்றன என்பதற்காக விட வேண்டாம். ஆனால் உங்கள் பக்கத்தைப் பயன்படுத்துபவர்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் கை எங்கே நிற்கிறது என்று பார்க்க அந்த நிறுவனம் உங்களை அனுமதிக்கிறதா? இதுவரை கேட்டதில்லை என்றால் இந்த மாதமே கேளுங்கள். நேரம் இல்லை, வழக்கம் இல்லை என்று திரும்பத் திரும்பத் தட்டிக்கழித்தால், அப்போது வேறு இடம் தேடுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது அந்தப் படிவப் பக்கத்தை போர்ட்ஃபோலியோவில் முதலில் வையுங்கள்.

அன்புடன்.