கண் அசைவுச் சிகிச்சை மன அதிர்ச்சியை ஆற்றுமா?

விபத்துக்குப் பின் வரும் மன அதிர்ச்சிக்கு, கண்களை இடமும் வலமும் அசைக்கச் சொல்லும் இஎம்டிஆர் சிகிச்சை பலன் தருமா, அல்லது வெறும் கண்கட்டு வித்தையா, பெங்களூரில் தமிழர்கள் அதைப் பெற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் தரும். ஆனால் அந்தப் பலனில் கண் அசைவுக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் வழக்கு இன்னும் தீரவில்லை. ஓசூர் சாலையில் நேர்ந்த ஒரு விபத்துக்குப் பிறகு இந்தச் சிகிச்சையைப் பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்.

அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ 1987இல் இதைத் தொடங்கி, 1989இல் தம் முதல் ஆய்வை வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்குப் பரிந்துரைத்த சிகிச்சைகளுள் இதுவும் ஒன்று. கண் அசைவு தேவையே இல்லை என்று 2001இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று கூறியது. அதற்கும் பங்கு உண்டு என்று 2013இல் வந்த மற்றொன்று கூறியது. எனக்கு ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் இது: கொடிய நினைவொன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டே நகரும் விரலையும் பின்தொடர வேண்டியிருக்கும்போது, நம் கவனம் இரண்டுக்கும் போதாமல் நினைவின் கூர்மை மழுங்குகிறது, மழுங்கிய அந்த வடிவிலேயே அது மறுபடியும் பதிகிறது. எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொன்னாலும் நினைவின் கூர்மை குறைவதாக ஆய்வுகள் காட்டியிருப்பதால், விரலில் மந்திரம் ஏதும் இல்லை என்றே கொள்ளலாம்.

சிகிச்சை எட்டுக் கட்டங்கள் கொண்டது. கண் அசைவு நான்காம் கட்டத்தில்தான் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தொடக்க அமர்வுகளில் என் ஆலோசகர் விபத்தைப் பற்றி மேலோட்டமாகவே கேட்டார். மனம் கொந்தளித்தால் அதைத் தணித்து நிகழ்காலத்துக்குத் திரும்பும் பயிற்சிகளுக்கே அதிக நேரம் ஒதுக்கினார். பிறகு, என்னை மிகவும் துன்புறுத்தும் காட்சி எது, அதைப் பார்க்கையில் என்னைப் பற்றி நான் என்ன நம்புகிறேன், உடலில் எங்கே உணர்கிறேன், பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் வேதனை எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். என் காட்சி, முகத்துக்கு அருகில் வந்து நின்ற லாரிச் சக்கரத்தில் சேறு அப்பிய போல்ட்டுகள். நம்பிக்கை, ‘எதுவும் என் கையில் இல்லை’ என்பது. வேதனை எட்டு.

அவர் நேரெதிரே அமராமல் சற்றுப் பக்கவாட்டில் அமர்ந்து, இரண்டு விரல்களை அரை நிமிட அளவுக்கு இடமும் வலமுமாக அசைப்பார், நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, “இப்போது என்ன வருகிறது?” என்று கேட்பார். நான் ஒரு வரி சொன்னால், அதை அலசாமல், “அதோடு போங்கள்” என்று மீண்டும் விரலை அசைப்பார். அறிவுரை கேட்டே பழகிய நமக்கு இது விந்தையாக இருக்கும். ஒரு சுற்றில் நான் அறவே மறந்திருந்த ஒன்று வந்தது: சாலையோரத்து இளநீர்க்காரர் ஒருவர் குனிந்து, என் ஹெல்மெட்டின் வாரைப் பொறுமையாகக் கழற்றியது. அதற்குப் பிறகுதான் சக்கரம் தூரத்துப் படம்போல ஆயிற்று. நினைவு அழிந்துவிடவில்லை; பேருந்தின் ஏர் பிரேக் ‘புஸ்’ஸென்று ஒலிக்கும்போது தோள்கள் தாமாகத் தூக்கிக்கொள்வதுதான் நின்றது.

மொழியைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். நடந்ததை விலாவாரியாக விவரிக்க வேண்டியதில்லை என்பது இந்த முறையில் உள்ள பெரிய வசதி. என் ஆலோசகர் கன்னடக்காரர். தமிழ் புரியும், பேசத் தடுமாறுவார். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். இந்த ஊரில் அது வழக்கமான ஏற்பாடுதானே! ஆயினும் ‘எதுவும் என் கையில் இல்லை’ என்பதுபோல் உங்களைப் பற்றி நீங்கள் சொல்லும் நம்பிக்கையை மட்டும் வீட்டில் பேசும் மொழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் செல்வது என்பதில் கண்டிப்பாக இருங்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, இஎம்டிஆருக்கெனத் தனிப்பயிற்சி பெற்றவரா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். முதல் நாளே விரலை அசைக்கத் தொடங்குபவர் எனக்கு உகந்தவராகத் தோன்றவில்லை. வலிப்பு நோயோ, தன்னினைவு விலகிப்போகும் இயல்போ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். யூடியூபில் நகரும் புள்ளியைப் பார்த்துத் தனியாக முயல வேண்டாம். கிளறப்பட்டதை ஆற்ற அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். உங்களுக்கு இருப்பது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுதானா என்றே தெரியவில்லையென்றால், ஓசூர் சாலையிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிலையமான நிம்ஹான்ஸின் புறநோயாளர் பிரிவில் முதலில் காட்டிக்கொள்வது நல்லது. இரவு வேளையில் மனம் தாங்காவிட்டால், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

அமர்வு நாளன்று சொந்த வண்டியை எடுக்காமல் மெட்ரோவிலோ ஆட்டோவிலோ திரும்புங்கள். அடுத்த சில இரவுகளில் கனவுகள் கூடுதலாக வரலாம். அவற்றைச் சுருக்கமாக எழுதி எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் அடுத்த அமர்வு அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்கும்.